தங்கச்சி மூஞ்சியில நின்ன பச்ச ஐக்கான்

நான் இந்த மாதிரி விஷயத்தையெல்லாம் நம்புற ஆளு கெடையாது, அத மொதல்லயே சொல்லிடறேன். இருவத்தெட்டு வருஷமா தேயிலத் தோட்டத்து ஒர்க்‌ஷாப்புல கொழுந்து வெட்டுற மெஷின் ரிப்பேர் பாக்குறேன். மெஷின் நின்னுச்சுன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும், எண்ணெ வரல, பிளக்கு கரி புடிச்சிருக்கு, இல்லன்னா எவனோ கீழ போட்டுட்டு போடவே இல்லன்னு சாதிக்கிறான், இந்த மூணுல ஒண்ணுதான். பேய் புடிச்சு நின்ன மெஷின் ஒண்ணக்கூட நான் பாத்ததில்ல. நீ சிரிப்ப தம்பி, தாராளமா சிரி, ஆனா முழுசா கேட்டுட்டு சிரி லா.

எல்லாம் என் ஹேண்ட்போன்ல ஆரம்பிச்சது. போனைத் தெறந்தா மொதல்ல என் மக கல்யாணப் படம்தான் வரும். தானா ராத்தா டவுன்ல ஒரு மண்டபத்துல எடுத்தது, குடும்பம் மொத்தமும் ரெண்டு வரிசையா நிக்கும். அந்தப் படத்து மேல ஒரு ஐக்கான் இருக்கக் கூடாது எனக்கு. பேசுறது, வாட்ஸ்அப், கேமரா, டார்ச் லைட்டு, நாலையும் அடியில ஒரே வரிசையா வச்சிருப்பேன், மத்தது எதுவும் கண்ணுல படக் கூடாது. ஒர்க்‌ஷாப்புலயும் நான் அப்படித்தான், பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர் ஆணியில பதிமூணு தொங்குச்சுன்னா அன்னைக்கு யாருக்காவது ஏச்சு நிச்சயம்.

ஒரு நா காலையில பாக்குறேன், போன் பேசுற பச்ச ஐக்கான் ரெண்டா இருக்கு. ஒண்ணு அடியில அதோட எடத்துல, இன்னொண்ணு படத்து மேல, வலது பக்க ஓரத்துல. சரி, வெரலு பட்டு ஏறியிருக்கும்னு அமுக்கிப் புடிச்சேன், எடுத்துடவான்னு கேட்டுச்சு, தட்டினேன், போயிருச்சு. மறுநா காலையில அதே எடத்துல அதே பச்ச. மறுபடியும் எடுத்தேன். அதுக்கு மறுநாளும் வந்துச்சு. ஒரு வாரம் இப்படியே போச்சு, எனக்கு என்ன கோவம்னா, அது ஒரு சாமான், நான் மனுசன், நான் சொல்றத அது கேக்கணுமா இல்லையா?

பிரிஞ்சாங்குல போன் கடை வச்சிருக்க சீனத்தியம்மாகிட்ட கொண்டு போனேன். "ரோசாக் இல்ல அங்கிள், போன் கெட்டுப் போகல, செட்டிங்தான்"னு சொல்லி, தானா ஐக்கான் ஏறாம இருக்கறதுக்கு ஒண்ண அமத்தி, ஐக்கான் நகராம பூட்டியும் குடுத்துச்சு. காசு கூட வாங்கல. பூட்டியாச்சுன்னு நிம்மதியா வீட்டுக்கு வந்து படுத்தேன். காலையில எந்திரிச்சா பச்ச ரெண்டு.

என் சம்சாரம் வசந்தாதான் மொதல்ல அதக் கவனிச்சா. பசியாறிக்கிட்டு இருக்கும்போது போனை எட்டிப் பாத்துட்டு, "ஏங்க, அது யாரு மூஞ்சிய மறைக்குதுன்னு பாத்தீங்களா?"ன்னா. நான் அப்பத்தான் பாக்குறேன். பின் வரிசையில வலது ஓரத்துல நிக்கிறது என் தங்கச்சி சரோஜா. அவ கழுத்துக்கு மேல ஒண்ணும் தெரியல, பச்சதான் இருக்கு.

சரோஜா கதைய இங்க சொல்லிடறேன். எனக்கு ஒரே தங்கச்சி, புருசன் எறந்து மூணு வருஷம் ஆச்சு, புள்ள இல்ல. எங்க தோட்டத்துல மேல் லயம்னு ஒண்ணு இருக்கு, மலைச் சரிவுல ஆறு வீடு ஒட்டிக்கிட்டு நிக்கும். மத்த அஞ்சு வீட்டு ஆளுங்களும் கீழ புது வீட்டுக்கு வந்துட்டாங்க, இவ மட்டும் வரல. லயத்துப் பக்கத்துல சின்னதா ஒரு முனீஸ்வரர் கோயில் இருக்கு, எல்லாரும் எறங்கிட்டா அந்தச் சாமிக்கு யாரு வெளக்கு ஏத்துறதுன்னு கேப்பா. நானும் கீழ எறங்கி வான்னு எத்தனையோ தடவ சொல்லிப் பாத்தேன். கடைசியா கோயில் திருவிழா அன்னைக்கு, நாலு பேரு முன்னால, "அப்ப அங்கேயே கெடந்து சாவு"ன்னு கத்திட்டு வந்துட்டேன். அண்ணன் வாயால சொல்ற பேச்சா அது? அதுக்கப்புறம் ஏழு மாசம் நானும் போகல, அவளும் பேசல. ஒர்க்‌ஷாப்புக்கும் மேல் லயத்துக்கும் மோட்டோவுல, அதான் பைக்குல, பத்து நிமிஷம்தான்.

"ஒரு போன் பண்ணித்தான் கேளுங்களேன்"னு வசந்தா சொன்னா. "ஐக்கான் நிக்கிறது கட்டம் கட்டமா இருக்கற எடத்துல, அவ நிக்கிறது அந்தக் கட்டத்துல, அதுக்கு நான் என்னா பண்ண முடியும்?"னு சொல்லிட்டு எந்திரிச்சுட்டேன். ஆனா வேலைக்குப் போயும் அந்தப் பச்சதான் கண்ணுல நின்னுச்சு, பொய் சொல்லக் கூடாது.

அப்ப இதுக்கு ஒரு டெஸ்டு வைப்போம்னு முடிவு பண்ணேன். மெஷின்ல அப்படித்தானே செய்வோம், ஒரு சாமானைக் கழட்டிட்டு ஓட்டிப் பாக்கறது. கல்யாணப் படத்த எடுத்துட்டு வேற படம் போட்டேன், ஃபேக்டரி மாடியில இருந்து எடுத்தது, மலை முழுக்க தேயில, மனுசன் ஒருத்தன் கெடையாது. இப்ப யார மறைக்குதுன்னு பாத்துடலாம்னு வச்சிட்டுப் படுத்தேன். நம்பினா நம்பு, நம்பாட்டி போ, காலையில பச்ச ஐக்கான் எடம் மாறிடுச்சு. வலது ஓரத்துல இல்ல, எடது பக்கம் மேல. நான் அமுக்கிப் புடிச்சு எடுத்துட்டு அடியில என்ன இருக்குன்னு கண்ணாடி போட்டுப் பாத்தேன். தேயிலைக்கு நடுவுல கோடு மாதிரி தகரக் கூரை. மேல் லயம்.

அப்பவே போயிருக்கணும், இல்ல போனாவது அடிச்சிருக்கணும். ஆனா எனக்குத்தான் திமிரு ஜாஸ்தியாச்சே. படமே வேணாம்னு மொத்தமா கருப்பாக்கி வச்சேன். இப்ப எத மறைப்பன்னு கேட்டேன், வாய் விட்டே கேட்டேன், வசந்தா என்னைய ஒரு மாதிரி பாத்தா. மறுநா காலையில சுத்தமா இருந்துச்சு. ஒரே ஒரு பச்ச, அடியில. நான் ஜெயிச்ச மாதிரி விசில் அடிச்சுக்கிட்டே வேலைக்குப் போனேன்.

அது அடமழ நேரம், மூணு நாளா விடாம ஊத்துது, கொழுந்து வெட்டு நடக்கல, ஒர்க்‌ஷாப்புல நான் மட்டும் கத்திக்கு சாணை புடிச்சுக்கிட்டு இருந்தேன். பகல் பதினோரு மணி இருக்கும். மணி பாக்கலாம்னு போனை எடுத்தா, தம்பி, ஸ்க்ரீன் பூரா பச்ச. மேல இருந்து அடி வரைக்கும் ஒரு கட்டம் பாக்கியில்லாம போன் பேசுற ஐக்கான். ஆனாலும் விடல பாரு, கை தொடச்சிட்டு ஸ்டூல்ல ஒக்காந்து ஒவ்வொண்ணா எடுக்க ஆரம்பிச்சேன், நீயா நானான்னு. எல்லாம் போச்சு. கடைசியா ஒண்ணு, நடுவுல நின்னது, அது மட்டும் போகல. அமுக்கிப் புடிச்சா நடுங்குது, தட்டினா நிக்குது. ஏழெட்டு தடவ தட்டியிருப்பேன்.

சரி, இதுக்கு மேல முடியாது, சரோஜாவையே நேர்ல பாத்து ரெண்டுல ஒண்ணு பேசிடலாம்னு போனை பாக்கெட்டுல போட்டுட்டு மழக்கோட்டு மாட்டி மோட்டோவ எடுத்துட்டேன். பயந்து போனேன்னு நெனைக்காதே, எனக்கு வந்தது கோவம். யாரு மேலன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

மேல போற மண் ரோட்டுல செம்மண்ணு தண்ணி காலு முட்டிக்கு ஓடுது. வளைவுலயே மோட்டோவ நிறுத்திட்டு நடந்தேன். சரோஜா வாசல்ல நின்னு சேத்தைத் தள்ளிக்கிட்டு இருந்தா. என்னையப் பாத்ததும் வெளக்கமாத்த நிறுத்தினா, வாங்கன்னு சொல்லல.

"கெளம்பு, எங்க வீட்டுக்கு வா. மழ நிக்கற வரைக்கும் இரு"ன்னேன்.

"ஏழு மாசம் கழிச்சு மழையப் பாத்ததும்தான் தங்கச்சி ஞாபகம் வந்துச்சா? நான் வரல. வெளக்கு யாரு பாக்குறது?"

என்னா சொன்னாலும் வெளக்கு. லயத்துக்குப் பின்னால சரிவுல இருந்து தண்ணி வர்றத நான் பாக்குறேன், அது கலங்கலா வருது, சின்னக் கல்லும் கூட வருது. எனக்கு ஐக்கானைப் பத்தி அவகிட்ட சொல்ல வாய் வரல, சொன்னா சிரிப்பா. நேரா கோயிலுக்குப் போனேன், எரிஞ்சுக்கிட்டு இருந்த பித்தள வெளக்கத் தூக்கி மழக்கோட்டுக்குள்ள வச்சுக்கிட்டு நடக்க ஆரம்பிச்சுட்டேன். செருப்போட கோயிலுக்குள்ள போயி சாமி வெளக்கத் திருடினவன் தம்பி நான், ஒரு நிமிஷம் கூட யோசிக்கல.

"அண்ணே! வெளக்க வை! நீ நல்லா இருப்பியா?"ன்னு அலறிக்கிட்டே வெறுங்காலோட பின்னால ஓடியாரா. கையில போன் இருக்கு, என் அக்கிரமத்த வசந்தாகிட்ட சொல்றதுக்கு எடுத்திருக்கா. நான் திரும்பியே பாக்கல, திரும்பினா புடுங்கிக்குவான்னு தெரியும். எங்கம்மாவெல்லாம் இழுத்து ஏசுறா. மோட்டோ நிறுத்தின வளைவு தாண்டினோம், பின்னால லோரியில இருந்து கல்லு கொட்டுற மாதிரி ஒரு சத்தம் கேட்டுச்சு. கொஞ்ச நேரந்தான். அப்புறம் மழ சத்தம் மட்டும்.

திரும்பிப் பாத்தா மேல் லயம் இல்ல. சேப்பு மண்ணுதான் இருக்கு, அதுல தேயிலச் செடி வேரோட தலகீழா நிக்குது. கோயில் கூரையில ஒரு மூல மட்டும் தெரிஞ்சுச்சு. சரோஜா ரோட்டுலயே ஒக்காந்துட்டா. நான் வெளக்க அவ மடியில வச்சேன், அது எப்பவோ அணைஞ்சிருந்துச்சு, எண்ணெ பூரா என் சட்டையில. ரெண்டு பேரும் அந்த மழையில ஒக்காந்து அழுதோம். கெடந்து சாவுன்னு சொன்னதுக்கு அங்கதான் மன்னிப்பு கேட்டேன்.

அவள வீட்டுக்குக் கூட்டியாந்து துணி மாத்தி, சூடா குடிக்கக் குடுத்து, சாயங்காலம் ஆகும்போதுதான் என் போனைப் பாத்தேன். கருப்பு ஸ்க்ரீன், அடியில ஒரே பச்ச. நான் கல்யாணப் படத்தத் திரும்பப் போட்டேன், சரோஜா மூஞ்சி பளிச்சுன்னு தெரியுது. அன்னைக்கு போனது, அதுக்கப்புறம் என் போன்ல அது வரவே இல்ல.

இதோட முடிஞ்சிருந்தா நானும் சும்மா இருந்திருப்பேன். அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுல நான் வெக்கத்த விட்டு எல்லாத்தையும் சொன்னேன். சரோஜா சிரிக்கல. அவ போனு மேசையில சார்ஜுல கெடந்துச்சு, வசந்தா என்ன தோணுச்சோ எடுத்துப் பாத்தா, பாத்துட்டு என்கிட்ட நீட்டினா. அதே கல்யாணப் படம், மக எல்லாருக்கும் அனுப்பினதுதானே. முன் வரிசை நடுவுல நான் நிக்கிற எடத்துல பச்ச.

"சண்ட போட்டு ஒரு மாசத்துல இருந்து வருது அண்ணே"ன்னா சரோஜா. "தெனமும் எடுத்துட்டுதான் வெளக்கு ஏத்தப் போவேன். கூப்புடலாம்னு கை போகும், மொதல்ல நீ கூப்புடுன்னு இருந்துட்டேன்."

எனக்கு வந்தது ஒரு மாசம் கூட இல்ல. அவளுக்கு ஆறு மாசம்.

எனக்கு வந்தது போயிருச்சே, அவளுதும் போயிருக்கும்னு அன்னைக்கே எடுத்துட்டுப் படுத்தோம். காலையில வந்து நின்னுச்சு. படத்த மாத்தினோம், நான் இருக்கற எல்லாப் படத்துலயும் என் மேலதான் வந்து நிக்குது. சீனத்தியம்மாகிட்ட புதுப் போனே வாங்கிக் குடுத்துட்டேன், வேற கம்பெனி. மூணாம் நாளு அதுலயும். எனக்குத்தான் ஏதோ ஆகப் போகுதோன்னு ரத்தம் டெஸ்டு, நெஞ்சு டெஸ்டு எல்லாம் எடுத்துப் பாத்தாச்சு, ஆளு நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லிட்டாங்க. மோட்டோவ வித்துட்டு வசந்தா ஓட்டுற காடியில வேலைக்குப் போறேன், அதுவும் இவங்க ரெண்டு பேரும் வச்ச சட்டம்.

இப்ப சரோஜா எங்களோடதான் இருக்கா. இந்தப் பேச்ச எடுக்கறதே இல்ல, அதெல்லாம் நின்னு போச்சுன்னு சொல்லிட்டா. ஆனா அவ எனக்கு முன்னால எந்திரிச்சு அடுப்படிக்குப் போவா, போனை அமுக்கிப் புடிச்சா லேசா ஒரு நடுக்கம் சத்தம் வருமே, அது மேசைப் பலகையில பட்டு எனக்கு படுக்கைக்கு கேக்கும். அது கேட்டப்புறந்தான் எனக்கு தேத்தண்ணி வரும். நான் கேக்கறதில்ல, தூங்குற மாதிரி கெடப்பேன். விட்டுக் குடுக்குற குடும்பம் இல்ல எங்களுது.

போன வாரம் அவளுக்குக் காய்ச்சல், எந்திரிக்கவே முடியல. விடியக் காலையில வசந்தா முழிக்கறதுக்கு முன்னால நான் போயி அவ போனை எடுத்தேன். என் மேல பச்ச நின்னுச்சு. அமுக்கிப் புடிச்சு எடுத்தேன், ஒரே தட்டுல போச்சு, அடியில மாலையும் வேட்டியுமா நான் நின்னு சிரிக்கிறேன். அப்புறம் ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி போட்டேன். நாளைக்கும் எடுப்போம், அவ இல்லன்னா நான்.