கடைசியாகக் கை பட்டவள்

எங்கள் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து மைதானத்தைக் கட்டியவர் யாரென்று தெரிந்திருந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். குன்னூருக்கு மேலே மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்த சிமெண்ட் தளம் அது. மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் ஒன்றுமே கிடையாது. அந்த விளிம்புக்குக் கீழே தேயிலைத் தோட்டம் தொடங்கிவிடும். அந்தப் பக்கம் போன பந்து செடிகளுக்கு நடுவே துள்ளிக்கொண்டு ஓடை வரைக்கும் இறங்கிவிடும். எடுத்துக்கொண்டு மேலே வருவதற்குள் மஞ்சு மூடிவிடும், அல்லது மழை பிடித்துக்கொள்ளும், இரண்டும் இல்லாவிட்டால் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

கோயம்புத்தூரிலிருந்து பி.டி. டீச்சராக நான் அங்கே போனபோது ஒரு வழக்கம் ஏற்கெனவே ஊறிப் போயிருந்தது. பந்து கீழே போனால் கடைசியாக யார் கை அதில் பட்டதோ அவள்தான் இறங்கி எடுத்து வர வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஒழுங்கான பிள்ளைகள் என்று எண்ணி நானும் கொஞ்ச நாள் சந்தோஷப்பட்டேன்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. ஒருத்தியும் பாஸ் வாங்க மாட்டேன் என்கிறாள். பந்து நேராக நெஞ்சுக்கு வந்தால் சரி. அரையடி விலகி வந்தால் போதும், கையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொள்வாள். தொட்டால்தானே வம்பு. பந்து அவள் காதை உரசிக்கொண்டு கீழே போகும். “என் கை படலைங்க டீச்சர்!” என்று ஒரு குரல் வரும். எங்கள் அணி ஒற்றுமையாகச் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான். வாங்க ஆள் இல்லாததால் கொடுப்பவளும் கொடுப்பதை நிறுத்திவிட்டாள். ஆளாளுக்குப் பந்தைத் தட்டிக்கொண்டு தனியாக ஓடுவார்கள், தனியாகப் பறிகொடுப்பார்கள். கூடைப்பந்து ஐந்து பேர் ஆட்டம் என்று நான் தொண்டை வற்றக் கத்துவேன்.

ஒட்டுதல் வரட்டும் என்று மதியம் ஐந்து பேரையும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடச் சொன்னேன். பாக்டரி குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் இருவர் ஒரு பக்கம், ஹட்டி என்கிற படுகர் ஊரிலிருந்து வரும் இருவர் ஒரு பக்கம், எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளை ஒருத்தி நடுவில். சாப்பிட்டார்கள், டப்பாவைக் கழுவினார்கள், போய்விட்டார்கள். ஒரு ஊறுகாய் கூடக் கை மாறவில்லை. சரி, அந்த விதியையே எடுத்துவிடலாம் என்று, இனி முறை வைத்துப் போங்கள் என்றேன். தலையை ஆட்டினார்கள். ஆனால் யாருடைய முறை வந்தாலும் கடைசியாகத் தொட்டவளை மற்ற நாலு பேரும் பார்க்கிற பார்வையில் அவளே இறங்கிவிடுவாள்.

அந்த எஸ்டேட் பிள்ளைதான் எங்கள் அணியில் உயரமானவள். கூடைக்குக் கீழே பந்து கையில் கிடைத்தால் அவளை மாவட்டத்தில் யாராலும் தடுக்க முடியாது. ஆனால் கையைப் பின்னால் இழுப்பதில் முதல் ஆளும் அவள்தான். எனக்கு அவள்மேல்தான் அதிகக் கோபம். ஏனென்றால் மற்ற நாலு பேருக்கும் ஆட்டம் பொழுதுபோக்கு. இவளுக்கு அப்படியில்லை. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள், மார்க் சுமார். மாநிலப் போட்டியில் ஆடியதற்கான சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றில் ஹாஸ்டலோடு இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அது கிடைக்காவிட்டால் அம்மாவோடு கொழுந்து பறிக்கப் போக வேண்டியதுதான். இத்தனையும் தெரிந்தவள் கையை நீட்டாமல் நின்றால் பார்க்கிறவளுக்கு எப்படி இருக்கும்?

ஒரு நாள் பந்து எடுக்கப் போனவள் வெகு நேரம் வரவில்லை. திட்டுவதற்காகவே விளிம்புக்குப் போனேன். கீழே பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் உரக்கச் சொன்னது எனக்குக் கேட்டது.

“வந்துட்டியா புள்ள? வந்ததுதான் வந்தே, ரெண்டு கை கிள்ளிப் போட்டுட்டுப் போ. நாளைக்கு இதானே உனக்கும்!”

எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் அவள் அம்மாவும் இருந்தார். அவர் தலை நிமிரவில்லை. இவள் பந்தை அணைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பியபடி ஏறி வந்தாள். இறங்குகிற ஒவ்வொரு தடவையும் இதுதான் நடந்திருக்கிறது. எனக்கு அந்த அம்மாள்மேல் கோபம், மைதானத்தின்மேல் கோபம், இவ்வளவு நாள் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்க்காத என்மேலும் கோபம்.

மறுநாள் சொன்னேன்: “இனிமே பந்து போச்சுன்னா அஞ்சு பேரும் எறங்கோணும். ஒருத்தி தனியாப் போறதை நான் பாக்கக் கூடாது.”

“ஏனுங்க டீச்சர், ஒரு பந்துக்கு அஞ்சு பேரா?” என்றாள் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளில் ஒருத்தி. ஆட்டத்தை நடத்திக்கொண்டு போகும் குள்ளமான பிள்ளை அவள்.

“ஆமா, அஞ்சு பேருதான்.”

இறங்கினார்கள். முதல் வாரம் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் போனவர்கள் லேசில் திரும்பவில்லை. ஊதி ஊதி என் விசில் தேய்ந்ததுதான் மிச்சம். ஓடைக்கரைப் புதரில் தவிட்டுப்பழம் பறித்துத் தின்று ஊதா ஏறிய நாக்கோடு, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆடி அசைந்து வந்தார்கள். கொழுந்து பறிக்கும் பெண்களின் கேலிக்கு, ஐந்து பேரும் ஆளுக்கு ரெண்டு கை கிள்ளி அவள் அம்மாவின் கூடையில் போட்டார்களாம். அதோடு அந்தக் கேலி ஓய்ந்தது. பிள்ளைகள் செடியை மிதிப்பதாகக் கங்காணி வந்து ஹெட்மாஸ்டரிடம் புகார் சொல்ல, அவர் என்னைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். போதாக்குறைக்கு, பழம் பழுத்த நாட்களில் பந்து கொஞ்சம் அதிகமாகவே கீழே போயிற்று. பயிற்சியில் பாதி நேரம் நான் மட்டும் காலி மைதானத்தில் நின்றுகொண்டிருப்பேன்.

ஆனால் கைகள் நீண்டன. அதை மறுக்க முடியாது. எட்டாத பந்துக்கும் எஸ்டேட் பிள்ளை பாயத் தொடங்கினாள். குள்ளப் பிள்ளை கண்ணால் பார்க்காமலே அவளுக்குப் பாஸ் போட்டாள்.

அந்த வருடம் மாநிலப் போட்டிக்குப் போக ஒரே ஒரு ஆட்டம் பாக்கி இருந்தது. கோயம்புத்தூரில், வேப்பமரங்கள் சூழ்ந்த மைதானத்தில். எஸ்டேட் பிள்ளை அன்று ஆடியது போல ஒரு பிள்ளை ஆடி நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. கடைசி நிமிடத்தில் நாங்கள் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். எதிரணிக்குப் போகிற பாஸை மறிக்க அவள் பாய்ந்தாள். விரல் நுனியில் பட்டுப் பந்து கோட்டுக்கு வெளியே போயிற்று.

போனதும் அவள் பந்தின் பின்னால் ஓடினாள். அவள் ஓடியதைப் பார்த்து மற்ற நாலு பேரும் ஓடினார்கள். அங்கே மலையும் இல்லை, சரிவும் இல்லை. பந்து மரத்தில் மோதித் திரும்பி எதிரணிப் பிள்ளையின் காலடிக்கே வந்தது. அந்தப் பிள்ளை எடுத்து நடுவரிடம் கொடுத்தாள், அவர் திருப்பிக் கொடுத்தார், அவள் உள்ளே போட்டாள். தடுக்க ஒரு ஆள் இல்லாத மைதானத்தில் நிதானமாகக் கூடையில் போட்டுவிட்டார்கள். எங்கள் ஐந்து பேரும் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்கள். விசில் ஊதியாயிற்று.

நடுவரிடம் போய்க் கத்தினேன். “உங்க புள்ளைங்கள நானாங்க ஓடச் சொன்னேன்?” என்றார் அவர்.

திரும்பி வந்து நாலு பேரையும் பிடித்துக்கொண்டேன். “அவ ஓடினா உங்களுக்கு எங்கடி போச்சு புத்தி? அவளோட காலேஜு போச்சே, தெரியுதா?”

உயரமானவள் முன்னால் வந்தாள். “அவளுகளை வையாதீங்க டீச்சர். என் கைதானுங்க கடைசியாப் பட்டுச்சு.”

“இல்லீங்க டீச்சர், என் கையிலயும் பட்டுச்சு” என்றாள் குள்ளப் பிள்ளை. பச்சைப் பொய். பந்து போன இடத்துக்கும் அவளுக்கும் பாதி மைதானம் தூரம். மற்ற மூவரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஐந்து பேரும் ஒரு பக்கம் நின்றார்கள், எதிர்ப்பக்கம் நான் மட்டும். எந்த ஒட்டுதலுக்காக அவ்வளவு கத்தினேனோ அது வந்துவிட்டது. வர வேண்டிய இடத்தில்தான் வரவில்லை.

தோற்றாலும் மனசு ஒன்றாகிவிட்டதே என்று அன்று சக ஆசிரியர்கள் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. சான்றிதழ் கிடைக்கவில்லை, கல்லூரி இடமும் கிடைக்கவில்லை. ஜூன் மாதம் அவள் அம்மாவோடு கீழே தோட்டத்தில் பறிக்க வந்துவிட்டாள்.

அடுத்த வருடம் எனக்குப் புது அணி. அவர்களும் கையைப் பின்னால் இழுத்தார்கள், பந்தும் பழையபடி கீழே போயிற்று. ஆனால் எடுக்க யாரும் இறங்க வேண்டியிருக்கவில்லை. செடிகளுக்கு நடுவிலிருந்து பந்து தானாக மேலே வரும், விளிம்பில் நிற்கிற என் நெஞ்சுக்கு நேராக. அவ்வளவு சரியான பாஸை என் அணியில் ஒருத்தியும் போட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் அதை வாங்கும்போது எனக்குக் கோபம்தான் வரும்.

“நாளைக்கு மேல வந்து இவளுகளுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடு, புள்ள” என்று கத்துவேன்.

“லீவு குடுக்க மாட்டாங்க டீச்சர்” என்பாள் கீழேயிருந்து.