ஏரிக்கரையில் எழுந்த லிஃப்ட்காரர்

முப்பத்தோரு வருஷம் பதினொரு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவர் அவர். ஒரு பெட்டிக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஊரையே மேலேயும் கீழேயும் கொண்டுபோனார். வருஷத்தில் மூன்று நாள் மட்டும் அவருக்கே அவருக்கு. அந்த மூன்று நாளும் காட்டு ஏரிக்கரையில் தார்ப்பாய் கட்டித் தங்குவார். குழாய் கிடையாது, கக்கூஸ் கிடையாது, கட்டில் கிடையாது. துணைக்கு மனைவியின் தம்பி.

ஓய்வு பெற்ற மறுவருஷம் பக்கவாதம் அடித்தது. இடது கையும் காலும் சொன்ன பேச்சில் பாதியைத்தான் கேட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே மனைவி கட்டிலின் இரண்டு பக்கமும் இரும்புத் தடுப்பு மாட்டிவிட்டார். கொக்கி வெளிப்பக்கம். படுத்துவிட்டால் ஒன்றுக்குப் போகவேண்டுமென்றாலும் மனைவியைக் கூப்பிடவேண்டும். எட்டு மாதத்தில் நோயோடு சமாதானமாகிவிட்டார். அந்தக் கம்பியோடு ஆகவில்லை.

"இதக் கழட்டு. நான் என்ன தொட்டில் குழந்தையா?"

"கழட்டுறேன். விழுந்தா யாரு தூக்குறது? தரையிலேருந்து நீங்களா எந்திரிச்சுக் காட்டுங்க, அன்னைக்கே கழட்டுறேன்."

"ஏரிக்கரையில காட்டுறேன்."

மனைவி தம்பியைக் கூப்பிட்டார். "கூடப் போ. கை கொடுக்காத. அவரா எந்திரிக்கிறத உன் கண்ணால பாத்துட்டு வந்து சொல்லு. பொய் சொன்னா உன் மூஞ்சியே காட்டிக்கொடுத்துடும்."

எழுகிற முறையை பிசியோதெரபிக்காரப் பெண் சொல்லிக் கொடுத்திருந்தாள். நல்ல பக்கம் புரளவேண்டும். முழங்கையை ஊன்றி மண்டிபோடவேண்டும். நாற்காலியைப் பிடித்து, நல்ல காலை முன்னால் வைத்து எழவேண்டும். ஆனால் பழகும்போதெல்லாம் அவள் கை அவர் இடுப்பு பெல்ட்டில் இருந்தது.

ஏரிக்கரையில் பழைய இடத்திலேயே படுக்கை விரிக்கச் சொன்னார். தண்ணீர் கண்முன்னே தெரியும் சரிவு அது. இருபது வருஷமாக அங்கேதான் படுத்தார். அது சரிவு என்பதே அவருக்கு உறைத்ததில்லை. முதல்நாள் காலை வலப்பக்கம் புரண்டார். புரண்டது நிற்கவில்லை. உருண்டுபோய் அரிசிப் பையில் முட்டி நின்றார். மைத்துனன் ஓடிவந்து இடது கையைப் பிடித்தான்.

"அந்தக் கையத் தொடாத, தோள் கழண்டுடும். பெல்ட்டப் பிடிச்சுத் தூக்கு."

தூக்கினான். "முதல் ஆட்டம் அக்காவுக்கு, மச்சான்."

"வாய மூடிட்டு அடுப்பப் பத்தவை."

பகல் முழுக்க அவர் ஒரு டம்ளர் தண்ணீரோடு ஊன்றுகோலை ஊன்றி அலைந்தார். அங்கங்கே ஊற்றி, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தார். புதருக்குப் பின்னால் ஒரு இடத்தில் தண்ணீர் ஓடாமல் அப்படியே தேங்கியது. பக்கத்தில் விழுந்துகிடந்த மரம், நாற்காலி உயரம். ஏரி தெரியாது. போகட்டும் என்று படுக்கையை அங்கே மாற்றச் சொன்னார்.

மறுநாள் வெளிச்சம் வந்ததும் புரண்டார். முழங்கை நின்றது. மண்டி போடும்போது இடது கால் வழுக்கியது, இழுத்து வைத்தார். மரத்தைப் பிடித்தார், வலது காலை முன்னே வைத்தார், எழுந்துவிட்டார். மரத்தை விட்டுவிட்டு நின்றார். திரும்பிப் பார்த்தால் மைத்துனன் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறான்.

ஊன்றுகோலால் குத்தினார். "பாத்தியா?"

"என்னத்த?"

"எந்திரிச்சுட்டேன்டா."

"நான் பாக்கலியே மச்சான். அக்காகிட்ட என்னன்னு சொல்றது?"

அவனை நாலு வார்த்தை திட்டினார். பிறகு மரத்தைப் பிடித்து மெதுவாக இறங்கி, மறுபடியும் மல்லாந்து படுத்தார். "கண்ணத் திறந்து வை." இந்தத் தடவை கால் வழுக்கவில்லை. எழுந்து நின்றவர், யாரையும் கூப்பிடாமல் மரத்தின் மறைவுக்குப் போய் ஒன்றுக்கு இருந்துவிட்டு வந்தார். எட்டு மாதத்தில் படுக்கையிலிருந்து தானாக எழுந்துபோனது அதுதான் முதல் தடவை. மைத்துனன் கைதட்டினான். அவர் கண்டுகொள்ளவில்லை.

வீட்டு வாசலிலேயே மனைவி கேட்டார். "எந்திரிச்சாரா?"

"ரெண்டு தடவை."

"எதுக்கு ரெண்டு?"

"முதல் தடவை நான் தூங்கிட்டேன்."

தம்பியின் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு மனைவி உள்ளே போய் ஸ்பேனர் எடுத்துவந்தார். வாசல் பக்கத் தடுப்பைத் தானே கழற்றினார். ஜன்னல் பக்கத்துக்கு நகர்ந்தபோது லிஃப்ட்காரர் வலது கையை நீட்டினார். ஸ்பேனரைக் கொடுத்துவிட்டு மனைவி சமையலைக் கவனிக்கப் போனார். நாலு திருகாணிகளுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. யாரும் உதவிக்கு வரவில்லை, அவரும் கூப்பிடவில்லை.