திதி வெண்பாவுக்கு விட்ட இடம்

கல்வெட்டுப் பாட்டு எழுதுபவனுக்கு ஒரு வசதி உண்டு: பாட்டுக்கு உரியவர் எழும்பி வந்து பிழை பிடிக்கமாட்டார். அந்த வேலையை உறவினர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் விபோர்க்கில் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. மிச்ச நேரத்தில், செத்தவீட்டு முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்துக்காக டென்மார்க் முழுவதற்கும் புலம்பிக்கொடுத்தேன். ஊருக்கு உபகாரமாக எழுதி மாட்டிக்கொண்ட அன்பர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் விளங்கும்.

பேரப்பிள்ளைகள் புலம்பல்

கல்வெட்டில் மனைவி, மக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் தனித்தனிப் புலம்பல் வேண்டும். ரண்டர்ஸில் ஒரு வீட்டுக்கு, 'தோளிலே சுமந்த அப்பப்பா' என்று உருகி எழுதிக்கொண்டு போனேன். தாய் அதை டேனிஷில் விளங்கப்படுத்தினார். இங்கேயே பிறந்த மகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எனக்காகத் தமிழில் சொன்னாள்: "அங்கிள், அப்பப்பாவோட நான் ரெண்டு தரம் டெலிபோன்ல கதைச்சனான். தோள் எல்லாம் இல்லை."

கடவுளோடு கோபம்

விக்டோரியா காலத்து ஆங்கில இரங்கற்பாக்களை ஊரில் படிப்பித்தவன் நான். முதலில் அழுகை, நடுவில் கடவுளோடு சண்டை, கடைசியில் சமாதானம் என்று கரும்பலகையில் எழுதிப்போடுவேன்.

இஷொய் நகரில் ஓர் அண்ணை, வன்னிச் சண்டைச் செய்திகளைக் கேட்டுக் கேட்டுக் கடவுளோடு கதையை நிறுத்தியிருந்தார். தாயின் கல்வெட்டில் 'சிவபதம் அடைந்தார்' என்பதை வெட்டச் சொன்னார். ஆள் நடுக்கட்டத்தில் நிற்கிறார் என்று மனதுக்குள் புள்ளி போட்டுக்கொண்டு வெட்டினேன். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "மாஸ்டர், கடவுள் இல்லையெண்டது உங்களுக்கும் எனக்கும் இடையில இருக்கட்டும். முன் அட்டையில பிள்ளையார் பெரிசா வரவேணும். இல்லாட்டி அம்மாவுக்குக் கோபம் வரும்."

எந்தத் திதி?

மலரக்கா எங்கள் சமையலறையில் பாத்திரம் கழுவுபவர். அவருடைய மகன் வன்னியில் இருந்தான். வைகாசியில் சண்டை முடிந்தது. அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மாதங்கள் போக, அக்காவின் தம்பி அவரைக் கூட்டிக்கொண்டு, மகனின் படத்தோடு என் வீட்டுக்கு வந்தார். "இவ்வளவு நாள் வழி பாத்தது காணும். ஒரு கல்வெட்டுப் போடுவம்" என்றார்.

இறந்த ஆண்டு, மாதம், திதி சொல்லும் வெண்பாதான் கல்வெட்டில் முதற்பாட்டு. தொழிற் பழக்கத்தில், "எந்தத் திதி?" என்று கேட்டுவிட்டேன். கேட்டபிறகு எனக்கு வெட்கமாகிவிட்டது.

"சண்டை முடிஞ்ச நாளைப் போடுங்கோ" என்றார் தம்பி.

அக்கா படத்தை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அழவில்லை.

"எழுதுங்கோ மாஸ்டர். திதிக்கு இடம் விடுங்கோ. பாட்டு முழுக்கப் பிழையெண்டு அவன் வந்து சொல்லட்டும்."

பிழை பிடிப்பவர்களைக் கண்டாலே முகம் சுளிக்கும் நான், அந்த ஒரு பாட்டில் பிழை பிடிக்க அதற்கு உரியவனே வந்து கதவைத் தட்டவேண்டும் என்று, இருக்கிறாரோ இல்லையோ தெரியாத பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்து வைத்திருக்கிறேன்.