அறுநூற்று முப்பத்தெட்டுப் பேருக்கு ஒரு செய்தி

பானுப்பிரியா அலுவலகத்துக்குப் போன முதல் நாள், அவளைவிட அவள் அப்பா தசரதன்தான் அதிகம் பரபரத்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு குழாய்க் கம்பெனியில் பதினேழு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் அவர். மகளுக்கு அதே எஸ்டேட்டில், தன் கம்பெனிக்கு நாலு தெரு தள்ளி இடம் கிடைத்ததில் அவருக்கு அப்படியொரு குஷி.

"நான் ஆவடி போய் ட்ரெயின் புடிச்சிக்கிறேன் நைனா. பட்டரவாக்கத்துல எறங்கினா பத்து நிமிஷ நடைதான்" என்றாள் பானு.

"சொம்மா இரு. மொத நாளு வேலைக்குப் போற, நான் இட்டுகினு போறேன்."

"வேலை இல்ல நைனா. ரெண்டு மாசம் லீவுல கத்துக்கப் போறேன். இன்டர்ன்னு சொல்லுவாங்க."

"இன்னாவா இருந்தா இன்னா? கழுத்துல மாட்டுற கார்டு குடுப்பாங்க இல்ல?"

பருத்திப்பட்டிலிருந்து எஸ்டேட் வரை வண்டியில் அவர் பேசிக்கொண்டே வந்தார். கட்டடத்து வாசலில் இறக்கிவிட்டு, வாட்ச்மேனிடம் போய், "எம் பொண்ணு. கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் மூணாவது வருஷம் முடிச்சிகீது" என்று அறிமுகம் செய்துவைத்தார். பானு தலையைக் குனிந்துகொண்டு படியேறினாள்.

அது முப்பது பேர் வேலை செய்யும் சின்ன மென்பொருள் நிறுவனம். மாடியில் ஒரே கூடம், ஓரத்தில் கண்ணாடி அறை ஒன்று. அந்த அறையில் இருப்பவர் நிறுவனத்தைத் தொடங்கிய ஹேமாவதி. பானு ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று ஆங்கிலத்தில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளப் பயிற்சி எடுத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை. "வாம்மா, அந்த சீட்ல உக்காரு" என்றார்கள். கைரேகை மெஷின் அவள் விரலை மூன்று முறை ஏற்க மறுத்தது. கொடுத்த லேப்டாப்பில் 'எம்' பட்டன் அழுத்தினால் உள்ளே போய் அங்கேயே தங்கிவிட்டது. அப்பா ஆசைப்பட்ட கார்டு, அச்சடித்து வர இரண்டு வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள்.

வெளியே கத்திரி வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருக்க, உள்ளே ஏசி குளிரில் அவளுக்குப் பல் தந்தியடித்தது. பக்கத்து இருக்கையில் இருந்த பெண் தன் துப்பட்டாவைப் போர்வைபோலச் சுற்றிக்கொண்டு, "நாளைக்கு ஸ்வெட்டர் எடுத்துகினு வா. நான் சுவேதா, காட்டுப்பாக்கம். நானும் இன்டர்ன்தான், போன வாரம் வந்தேன்" என்றாள். "இன்னா வேலை குடுத்தாங்க?" என்று பானு கேட்டதற்கு, "படிக்கச் சொன்னாங்க" என்றாள். பானுவையும் படிக்கத்தான் சொன்னார்கள்.

தினமும் காலை பத்தரைக்கு எல்லோரும் வட்டமாக நிற்பார்கள். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன் என்று ஒவ்வொருவரும் இரண்டு வரி சொல்ல வேண்டும். பானு முதல் நாள், "எஸ்டர்டே ஐ ரெட். டுடே ஐ வில் ரீட்" என்றாள். இரண்டாம் நாளும் அதையே சொன்னாள். நான்காம் நாள் அவள் வாயைத் திறப்பதற்குள் கூட்டமே சேர்ந்து அதைச் சொல்லிச் சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். பயம் பாதி அன்றே போயிற்று.

அவர்கள் குழுவின் தலைவர் செல்வகுமார். கொரட்டூர்க்காரர், எப்போதும் காதில் ஹெட்போனோடு யாருடனோ பேசிக்கொண்டே இருப்பவர். இரண்டாம் வாரம் அவர் பானுவுக்கு ஒரு வேலை கொடுத்தார்.

நிறுவனத்தின் புது ஆப் ஒன்றின் பெயர் 'வழித்துணை'. பூந்தமல்லிக்கு அப்பால் கார்களுக்கு ஒயர் கட்டு செய்யும் ஒரு தொழிற்சாலைக்காகச் செய்தது. அங்கே வேலை செய்கிற பெண்களை ஆவடி, பருத்திப்பட்டு, பூந்தமல்லி, காட்டுப்பாக்கம் பக்கங்களிலிருந்து வேன்கள் அழைத்துப்போகும். வேன் எங்கே வருகிறது, எந்த நிறுத்தத்துக்கு எப்போது வரும் என்பதை ஆப் சொல்லும். தொழிற்சாலை அவர்களுக்குச் செய்தி அனுப்பலாம், அவர்கள் பதில் எழுதலாம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் நான்கு மாதமாகியும் அதை யாரும் திறந்து பார்ப்பதாகத் தெரியவில்லை. நான்கு மாதத்தில் வந்த பதில்கள் மொத்தம் பதினொன்று.

"தமிழ் மெசேஜ் சில ஃபோன்ல கட்டம் கட்டமா வருதாம். டெஸ்ட் ஃபோனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பி எழுத்து ஒழுங்கா வருதான்னு பாரு" என்று சொல்லிவிட்டு செல்வகுமார் அடுத்த ஃபோன் காலுக்குப் போய்விட்டார்.

மணி பன்னிரண்டு நாற்பது. பானுவுக்குப் பசி. என்ன எழுதுவது என்று யோசிக்காமல், மனசில் வந்ததை அடித்தாள்: 'சாப்பிட்டாச்சா?' அனுப்பும் பட்டனை அழுத்தினாள்.

மேஜைமேல் இருந்த டெஸ்ட் ஃபோனில் ஒன்றும் வரவில்லை. லேப்டாப் திரையில் மட்டும் ஒரு வரி வந்தது. 'அனுப்பப்பட்டது: 638.'

ஒரு ஃபோனுக்கு அனுப்பினால் ஒன்று என்றுதானே வர வேண்டும்? அவள் திரையின் மேல்மூலையைப் பார்த்தாள். சோதனைப் பக்கம் என்றால் அங்கே மஞ்சள் புள்ளி இருக்கும். இருந்தது பச்சைப் புள்ளி. செல்வகுமார் காலையில் அதே லேப்டாப்பில் திறந்துவைத்துவிட்டுப் போன நிஜப் பக்கம் அது. அறுநூற்று முப்பத்தெட்டு தொழிலாளிகளுக்கும் அந்தக் கேள்வி போய்விட்டிருந்தது.

"சுவேதா" என்றாள். அவள் கையைப் பிடித்துத் திரைப் பக்கம் இழுத்தாள்.

சுவேதா எட்டிப்பார்த்து வாயில் கைவைத்தாள். "அய்யய்யோ. அழிக்க முடியுமா?"

"போனது போனதுதான். அழிக்கற பட்டனே இல்ல."

"அப்போ கம்முனு இரு. யாருக்குத் தெரியப் போவுது?"

பானு ஒரு நிமிடம் கம்மென்றுதான் இருந்தாள். வீட்டில் அப்பா ஊரெல்லாம் சொல்லிவைத்திருப்பது ஞாபகம் வந்தது. கல்லூரிக்கு எழுதிப் போட்டுவிடுவார்களோ என்று தோன்றியது. ஆனால் அந்த வேன்களில் போகிற பெண்கள் அவள் தெருவிலேயே இருக்கிறார்கள். திடீரென்று கம்பெனியிலிருந்து செய்தி வந்தால் என்னவோ ஏதோ என்று பயப்பட மாட்டார்களா? அதை நினைத்ததும் எழுந்துவிட்டாள். செல்வகுமார் ஃபோன் காலில் இருந்ததால் நேராகக் கண்ணாடி அறைக்கே போய்க் கதவைத் தட்டினாள்.

"மேடம், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

ஹேமாவதி முழுவதும் கேட்டார். "என்ன மெசேஜ்?" என்றார். பானு சொன்னாள். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அங்க ஒரு மணிக்குத்தான் லன்ச். அதுவரைக்கும் ஃபோனெல்லாம் லாக்கர்ல இருக்கும். செல்வாவைக் கூப்பிடு" என்றார்.

மூன்று பேரும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒரு மணி இரண்டு நிமிடத்துக்கு முதல் பதில் வந்தது.

'இன்னும் இல்ல. லைன்ல நிக்கிறேன்.'

அடுத்து, 'ஆச்சு. உனுக்கு?'

அப்புறம் மழைதான். 'யாரும்மா நீ?' 'சாம்பார் சாதம், உப்பு தூக்கல்.' 'அத்த கேக்கத்தான் இந்த ஆப்பா, இது தெரியாம போச்சே.' 'இன்னிக்கு விரதம் கண்ணு.' 'நாலு வருசமா இங்க கீறேன், இன்னிக்குத்தான் கேக்குறாங்க.' 'சாப்டேன். எங்க ஸ்டாப்பு ஏன் இதுல இல்ல?' 'சோறு கெடக்கட்டும், காலைல வண்டி எங்க நிக்கும், அத்த சொல்லு.'

செல்வகுமார் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். ஒன்றரை மணிக்குள் இருநூற்றுப் பதினான்கு பதில்கள்.

அப்போது தொழிற்சாலையிலிருந்து ஃபோன் வந்தது. அங்கே மனிதவளம் பார்க்கும் ராஜசேகரன். ஹேமாவதி ஸ்பீக்கரில் போட்டார். பானு சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"மேடம், அந்த மெசேஜ் நீங்க போட்டதா? கேன்டீன் காண்ட்ராக்டர் எங்கிட்ட வந்து சண்டைக்கு நிக்கிறாரு. உப்பு ஜாஸ்தின்னு எல்லாரும் அவரை மொறைக்கிறாங்களாம்."

"எங்க பக்கம் நடந்த தவறுதான் சார். மன்னிச்சிடுங்க" என்றார் ஹேமாவதி.

மறுமுனையில் அவர் யாரையோ வெளியே போகச் சொன்னார். பிறகு, "இனிமே எங்களைக் கேக்காம ஒண்ணும் அனுப்பாதீங்க. ஆனா உப்பு நிஜமாவே ஜாஸ்திதான் மேடம்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

செல்வகுமார் பானுவைப் பார்த்து, "பாதித் தப்பு என்னோடது. லைவ் பக்கத்தைத் திறந்து வெச்சிட்டுப் போனது நான்" என்றார். மறுநாள் நிஜப் பக்கத்தைச் சுற்றிக் கண்ணைக் குத்துகிற மாதிரி தடியாகச் சிவப்புக் கோடு போட்டுவிட்டார்.

ஹேமாவதி அவளைத் திட்டவில்லை. அதற்குப் பதிலாக, "ஒரு பதில் விடாம படிச்சு, யார் என்ன சொல்றாங்கன்னு வகை பிரிச்சு எடுத்துட்டு வா" என்றார்.

பானு இரண்டு நாள் அதைச் செய்தாள். அறுபத்தொரு பேர் ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருந்தார்கள்: எங்கள் நிறுத்தம் ஆப்பில் இல்லை. ஆனால் ஆப்பில் எல்லா நிறுத்தமும் இருந்தது. பானு தன் தெருமுனை நிறுத்தத்தைத் தேடிப்பார்த்தாள். 'இரண்டாவது பிரதான சாலை வடக்குச் சந்திப்பு' என்று போட்டிருந்தது. அவள் பிறந்து வளர்ந்த இடம்தான். அந்தப் பெயரை அவளே அன்றுதான் கேள்விப்பட்டாள். வரைபடத்தில் இருந்ததை யாரோ அப்படியே தமிழாக்கிப் போட்டிருந்தார்கள்.

"மேடம், நான் ஒருநாள் அந்த வேன்ல போய்ப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். ஹேமாவதி ராஜசேகரனிடம் பேசி அனுமதி வாங்கித் தந்தார்.

முதல் வேன் காலை ஆறரை மணிக்கே பருத்திப்பட்டுக்கு வந்துவிடும். பானு நோட்டுப் புத்தகத்தோடு ஏறினாள். ஓட்டுநர் கோபி அவளைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்தார். பின்னாலிருந்து ஒரு பெண், "யாரு கோபி, புதுசா?" என்றாள்.

"ஆப்பு கம்பெனி பொண்ணுக்கா."

"சாப்பிட்டாச்சான்னு கேட்டுச்சே, அந்தப் பொண்ணா?" வேனே திரும்பிப் பார்த்தது.

"நான்தான்க்கா" என்றாள் பானு.

கேட்டவள் பெயர் கன்னியம்மாள், வேனில் எல்லோருக்கும் மூத்தவள். அன்றைக்கு வழி நெடுக அவள்தான் நிறுத்தங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தாள். "எழுதிக்க. இது கோழிக்கடை. இது புள்ளையார் வளைவு. இது பழைய டென்ட்டு கொட்டாய். அடுத்தது லேட்டு சுசீலா."

"அது யாருக்கா?"

"அவ பேர்தான் ஸ்டாப்பு. என்னிக்கும் லேட்டாத்தான் வருவா."

வேன் ஒரு தண்ணீர்த் தொட்டி அருகே நின்றது. ஒரு பெண் தலையில் கிளிப்பைக் குத்திக்கொண்டே ஓடிவந்து ஏறினாள். பானுவின் நோட்டை எட்டிப்பார்த்துப் பதறிப்போனாள். "தாயே, அத்த மட்டும் ஆப்புல ஏத்திடாத. எங்க மாமியார் ஃபோன்லயும் அது கீது." வேன் குலுங்கிச் சிரித்தது. பானு அந்தப் பெயரை அடித்துவிட்டு, 'தண்ணி டேங்க்' என்று எழுதினாள்.

அந்த வாரம் அவள் நான்கு வேன்களில் போனாள். நாற்பத்தேழு பெயர்கள் சேர்ந்தன. காட்டுப்பாக்கம் வழியைச் சுவேதா பார்த்துக்கொண்டாள். அதற்குமேல்தான் நிஜமான வேலை. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஊர்க்காரர்கள் கூப்பிடும் பெயர் ஒன்றையும் சேர்த்து, எந்தப் பெயரில் தேடினாலும் கிடைக்கும்படி நிரல் எழுத வேண்டும். பானு எழுதியதைச் செல்வகுமார் நான்கு முறை திருப்பி அனுப்பினார். "ஓடுது, ஆனா ஆமை மாதிரி ஓடுது" என்றார் ஒரு முறை. "டேங்க்னு அடிச்சா வருது, டாங்க்னு அடிச்சா வரலையே" என்றார் இன்னொரு முறை. ஒரு சாயங்காலம் பானு கழிவறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து, மறுபடி முதலிலிருந்து எழுதினாள். ஐந்தாவது முறை அவர் குறை சொல்லாமல் ஆப்பில் சேர்த்துக்கொண்டார். ஜூன் கடைசியில் ஒரு புதன்கிழமை அது எல்லோருடைய ஃபோனுக்கும் போனது.

வெள்ளிக்கிழமை காலை வட்டமாக நின்றபோது செல்வகுமார் சொன்னார்: "நேத்து மட்டும் ஐநூத்திப் பத்து பேர் ஆப்பைத் திறந்து வண்டி எங்க வருதுன்னு பாத்திருக்காங்க." எல்லோரும் கைதட்டினார்கள். சுவேதா பானுவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

அவள் கல்லூரி திறந்து மூன்றாம் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹேமாவதி ஃபோன் செய்தார். பானு துணி காயப்போட மாடிக்குப் போயிருந்ததால் தசரதன் எடுத்தார். சட்டை போடாமல் இருந்தவர், யாரென்று தெரிந்ததும் ஒரு கையால் சட்டையைத் தேடிக்கொண்டே, "சொல்லுங்க மேடம்... ஆமாங்க மேடம்" என்று தனக்கு வராத சுத்தத் தமிழில் பேசினார். பானு இறங்கி வந்தபோது அவர் சட்டையின் ஒரு கையை மட்டும் மாட்டியபடி நடுவீட்டில் நின்றிருந்தார்.

"இன்னா நைனா? யாரு?"

"உன் மேடம். ஜனவரிலேந்து ஆறு மாசம் வர முடியுமான்னு கேக்குறாங்க. படிப்பு முடிஞ்சா அங்கியே வேலையாம்."

"நீ இன்னா சொன்ன?"

"பொண்ண கேட்டு சொல்றேன்னு சொல்லிகீறேன்" என்றார் தசரதன் மிகுந்த கம்பீரத்தோடு. அடுத்த நொடி அது தாங்கவில்லை. "வருவான்னு சொல்லிட்டேன் பானு" என்று சொல்லிவிட்டு, தெருவில் யார் முதலில் கிடைக்கிறார்கள் என்று பார்க்க வாசலுக்குப் போனார்.