மோட்டரடி ஐஸ்

பிரதாபன் எதைப் பேசத் தொடங்கினாலும் குளத்தில் வந்துதான் நிற்பார். இந்தப் பனி நாட்டில், அஜின்கோர்ட்டில் எங்கள் கொண்டோ அடுக்குமாடிக்குப் பின்னால் வெட்டிவிட்ட குளம் அது. கட்டடப் பராமரிப்பு அவர் வேலை. குளமும் அதற்குள் அடக்கம். நடுவே மிதக்கிற மோட்டர் குளிர்காலத்திலும் ஓடும். அடித்தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டே இருப்பதால் அந்த இடம் மட்டும் உறையாது. மீன்களுக்குக் காற்றுப் போக அது திறந்திருக்க வேண்டும். அதனால் கரையோர ஐஸ் ஏறிக் குதித்தாலும் அசையாது; அந்தத் திறப்பைச் சுற்றிய மோட்டரடி ஐஸோ வெறும் அப்பளம். மேலே பனி விழுந்துவிட்டால் இரண்டும் ஒரே வெள்ளை.

டிசம்பர் பிறக்குமுன் செம்மஞ்சள் கயிறு கட்டி, ஆங்கிலத்தில் எச்சரிக்கைப் பலகை நட்டு, மிதவை வளையத்தை நீளக் கயிற்றோடு கரையில் தொங்கவிடுவார். ஸ்கேட்டிங் சப்பாத்தோடு வருகிறவர்களை ஈவிரக்கமின்றி விரட்டுவார். எனக்கும் ஒருமுறை ஏச்சு விழுந்தது. படம் எடுக்கத்தான் போனேன்.

அப்படிப்பட்ட மனிதர் வீட்டில் மாமியாருக்கு முன்னால் பூனை. மட்டக்களப்புக்காரர்; அந்த ஊர் வழக்கப்படி கல்யாணம் முடித்த நாள் முதல் மனைவி தவமலரின் தாய் புனிதவதியோடுதான் குடித்தனம். மருமகன் வரும் சத்தம் கேட்டால் மாமி சோபாவில் நீட்டிய காலை மடக்கிக்கொள்வார். இருவரும் நேரே பேசியதைவிடத் தவமலர் வழியாகப் பேசியதே அதிகம்.

பொங்கலுக்கு அடுத்த நாள் காலை நான் கார்க் கண்ணாடியில் பனி சுரண்டிக்கொண்டிருந்தேன். நடைபாதைக்கு உப்புத் தூவிக்கொண்டிருந்த பிரதாபன் வாளியைப் போட்டுவிட்டு ஓடினார். கயிற்றுக்கு அப்பால், குளத்தின் மேல், மாமி. கையில் வாழையிலைத் துண்டு. அதில் பொங்கலுக்குப் பிடித்து வைத்த மஞ்சள் பிள்ளையார். ஓடும் தண்ணீரில் கரைக்க வேண்டும் அல்லவா? அந்தக் குளிரில் கண்ணெட்டிய தூரத்தில் அசைகிற தண்ணீர் மோட்டரடியில் மட்டும்தான் இருந்தது.

நானும் பின்னால் ஓடினேன். பிரதாபன் வளையத்தை இழுத்தெடுத்துக்கொண்டு கரையிலேயே நின்றுவிட்டார். தானும் ஏறினால் இரண்டு பேரும் போவோம் என்று அவருக்குத் தெரியும்.

“மாமி, நில்லுங்க. அதுக்கு அங்கால போகாதீங்க.”

மாமி திரும்பினார். காலடியில் ஐஸ் முனகியது கரையில் நின்ற எனக்கே கேட்டது.

“அப்படியே குப்புறப் படுங்க மாமி. படுத்து ஊர்ந்து வாங்க.”

மாமி ஓவர்கோட்டை இழுத்து மூடிக்கொண்டார். மருமகனுக்கு முன்னால் படுப்பதா? உயிர் போகிற இடத்திலும் அந்த வெட்கம் போகவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

“நான் மெல்லமா நடந்து வாறன், மருமகன்.”

“படு எண்டு சொல்றன்.”

அப்படியொரு அதட்டலை அவர் என்னிடம்கூடக் காட்டியதில்லை. மாமி விழுந்தமாதிரிப் படுத்தார். பிள்ளையாரை விடாமல் முழங்கையால் ஊர்ந்தார். வளையம் எட்டும் தூரம் வந்ததும் பிரதாபன் எறிந்தார். மாமி அதைப் பிடித்துக்கொள்ள, நாங்கள் இருவரும் இழுத்தோம். திரும்பிப் பார்த்தபோது மாமி நின்ற இடத்தில் தண்ணீர் ஏறிப் பனி கறுத்துப்போயிருந்தது.

பிரதாபன் வளையத்தைப் பனியில் வீசினார். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

“உங்களுக்கு ஆர் மாமி சொன்னது, அங்க தண்ணி ஓடுதெண்டு?”

மாமி கோட்டில் ஒட்டிய பனியைத் தட்டினார்.

“நீங்கதான். சாப்பிடக்குள்ள ஒவ்வொரு நாளும் மகளுக்குச் சொல்லுவீங்களே, மோட்டரடித் தண்ணி நிக்கவே நிக்காதெண்டு. ஐஸப் பத்தி ஒருநாளும் வீட்ட சொல்லல்லயே, மருமகன்.”