ஒருசந்தி வாயும் இடது காதும்

என் வீட்டுக்காரருக்கு வலது காது சுத்தமாகக் கேட்காது. விசைப்படகில் இஞ்சின் பக்கத்திலேயே வயசைக் கழித்த ஆள். இடது காதில் மட்டும் கொஞ்சம் மிச்சம். அதுவும் வாயைக் காதோடு வைத்துச் சொன்னால்தான். எனக்குச் சின்னதிலிருந்தே சத்தம் போட்டுப் பேச வராது. கீரைக்காரி வாசலைத் தாண்டிப் போய்விட்டால் போனதுதான், கூப்பிட மாட்டேன். அதனால் இந்தக் காதுப் பேச்சு எனக்குத் தோதாகத்தான் இருந்தது. அவர் வாசலில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருப்பார். நான் குனிந்து, இன்றைக்கு என்ன குழம்பு, மண்டபம் ஊரில் இருக்கிற மகள் என்ன சொன்னாள் என்று காதுக்குள் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போவேன்.

மகள் வாங்கித் தந்த காது மிஷினை அவர் மாட்டவே மாட்டார். "காதுக்குள்ள வண்டு ஓடுது" என்று கழற்றி மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

போன தவக்காலத்தில் அந்த இடது காதும் அடைத்த மாதிரி இருக்கிறது என்றார். தவக்காலத்தில் எங்கள் தெருவில் வயசானவர்கள் ஒருசந்தி இருப்போம், ஒரு நேரச் சாப்பாடு. அதை ஈஸ்டரோடு நிறுத்த மாட்டேன், அவர் காது தெளிகிறவரைக்கும் இருக்கிறேன் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார்.

பகல் முழுக்க வரக்காப்பிதான். பொழுது சாய்ந்ததும் சோறு, மீன்குழம்பு, சுட்ட கருவாடு, உரித்த வெங்காயம். பசியில் அள்ளித் தின்றுவிட்டு அப்படியே பாயில் சாய்ந்துவிடுவேன். தொண்டை வரைக்கும் புளித்துக்கொண்டு வரும். நேர்த்தி என்றால் கஷ்டம் இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் பக்கத்து வீட்டில் செபமாலைக்கு உட்கார்ந்திருந்தோம். எனக்கு அடுத்து என் கொழுந்தியாள், வீட்டுக்காரரின் தங்கச்சி. பாதியிலேயே மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"ஏ மதினி, வாய்க்குள்ள என்ன, கருவாடு காயப்போட்டிருக்கியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து உள்ளங்கையில் ஊதி மோந்து பார்த்தேன். அவள் சொன்னது பொய்யில்லை.

அதோடு அவர் காதுப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன். காலையில், மத்தியானம், ராத்திரி என்று பல் தேய்த்தேன். கிராம்பை மென்று நாக்கு எரிந்ததுதான் மிச்சம். சொல்ல வேண்டியதை நிலைப்படியில் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னேன். அவர் தலையைத் தலையை ஆட்டுவார். கேட்டுத்தான் ஆட்டுகிறார் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு சாயங்காலம் மகள் வீடியோவில் வந்தாள். அவர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு, "நீ பேசுறது கேக்காதுத்தா, நான் சொல்றத மட்டும் கேளு. இடது காதும் போயிருச்சு. ஒங்க அம்மா பேசுறது ஒண்ணுமே விழுகல. அவகிட்டச் சொல்லிராத, அழுவா" என்றார்.

அடுப்படியில் நின்ற என் காதில் அது விழுந்தது. நான் தள்ளி நின்று பேசியதால்தான் அவருக்குக் கேட்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் பல் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அந்தப் பொண்ணுக்கு என் மகள் வயசுகூட இருக்காது. வாயைத் திறப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

"பல்லுல பெருசா ஒண்ணுமில்லம்மா. காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"வரக்காப்பி."

"மத்தியானம்?"

"அதேதான்."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். "எச்சில்தான் வாயக் கழுவுற தண்ணி. வெறும் வாயா, வெறும் வயிறா கெடந்தா அது ஊறாது. நாக்குல மாவு மாதிரி படிஞ்சு நாறும். பட்டினியில ஒடம்புக் கொழுப்பு கரையுறப்ப மூச்சுலயும் ஒரு வாடை வரும். வெங்காயம் வேற. ராத்திரி வயிறு முட்டத் தின்னுட்டு ஒடனே படுத்தா புளிச்சு மேல ஏறும்."

"கிராம்பு மெல்லுறேன்."

"அப்பக் கிராம்பு வாடையும் சேந்து வரும், அம்புட்டுதான். காலைல ஏதாச்சும் சாப்பிடுங்க. நாக்க வழிங்க. தண்ணி குடிங்க. பிறகும் புளிச்சா வாங்க, வயித்து டாக்டரப் பாப்போம்."

வீட்டுக்கு வந்தேன். அவர் வலையை மடியில் போட்டு ஊசியைக் கையில் வைத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். வாய் சரியாகட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்றுதான் பஸ்ஸில் நினைத்து வந்தேன். அந்தக் கையைப் பார்த்ததும் பொறுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து காதோடு வாயை வைத்தேன்.

"ஒங்க காது போகலங்க. என் வாய்தான் நாறுது. அதான் கிட்ட வரல."

அவர் அசையவே இல்லை. ஐயோ, நிஜமாகவே போய்விட்டதோ என்று எனக்குப் பகீரென்றது. பிறகு தோள் குலுங்கியது. சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஏ புள்ள, இப்பச் சொன்னது அம்புட்டும் கேட்டுச்சு. இத்தன வருசம் எறாலும் டீசலுமா நாறிக்கிட்டு வந்து ஒம் பக்கத்துல படுத்தேனே, நீ மொகத்தத் திருப்புனியா?"

நேர்த்தியையும் சொன்னேன். ஏசினார். "என் காதுக்கு ஒன் வயித்த ஏன்டி காயப்போட்ட?"

மாதாவிடம் போய், கஞ்சியை மட்டும் குடிக்க விடும்மா, அதுக்குப் பதிலா வரக்காப்பியை விட்டுவிடுகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். அந்தக் காப்பியை விடுவதுதான் எனக்கு நிஜமான ஒருசந்தி.

இப்போது காலையில் நாக்கை வழித்துவிட்டுக் கஞ்சி காய்ச்சுகிறேன். ராத்திரிச் சாப்பாட்டைக் கொஞ்சம் முந்தி, கொஞ்சமாக முடித்துக்கொள்கிறேன். புளிப்பு அடங்கிவிட்டது. வாடையும் குறைந்ததாகக் கொழுந்தியாளே சொல்லிவிட்டாள். அவர் காது தெளிந்ததா என்றால் இல்லை, இருந்தது இருந்தபடிதான். நேற்று காலை கஞ்சியை வைத்துவிட்டு, வாய் சுத்தமாக இருக்கிற தைரியத்தில், காதுக்குள் கொஞ்சம் பலமாகவே "கஞ்சி ஆறுது, வாங்க" என்றேன்.

அவர் காதைத் தேய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் புள்ள கத்துற? நான் என்ன செவிடா?"