அருவியடியில் விழுந்த கல்

மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே புகுந்திருக்கும் எங்கள் ஃபியோர்டில் சுற்றுலாப் படகு ஓட்டும் சுன்னிவா, அருவி நீர் பயணிகளின் தலையில் தெறிக்கும் அளவுக்குப் படகை நெருக்கமாகக் கொண்டுபோவாள். போன மே மாதம் அப்படி நிற்கையில், நெல்லிக்காயளவு கல் ஒன்று மேலிருந்து படகின் தளத்தில் விழுந்தது. உடனே படகைப் பின்னால் எடுத்தாள்.

“என்னக்கா, இதுக்கே பயந்துட்டீங்களா? நான் இன்னும் படமே எடுக்கல,” என்றான் பெர்கன் நகரத்திலிருந்து வந்திருந்த பயணி ஒட்வார்.

“ஆமாப்பா, பயந்துட்டேன். எல்லாரும் உக்காருங்க.”

முந்நூறு அடி விலகியிருப்பார்கள். அருவியோரப் பாறை பெயர்ந்து, சற்றுமுன் படகு நின்ற இடத்திலேயே விழுந்தது. எழுந்த அலையில் படகு சாய்ந்து நிமிர்ந்தது.

கரை சேர்ந்த பிறகும் சுன்னிவாவால் கயிற்றை முடிச்சிட முடியவில்லை. ஒட்வார்தான் கட்டினான்.

அவள் வேலையை விடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் தூரத்திலேயே நின்றுவிடுகிறாள். யாராவது முனகினால், “எனக்குப் பயமா இருக்கு,” என்று மட்டும் சொல்வாள்.